முதல் நிறுவை

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எவன் ஆரம்பித்தானோ தெரியாது. தெரிந்தால் வீடு தேடிப் போய் நாலு கேட்டிருப்பேன்.

பழுது பார்த்த தராசில் முதலில் எதை நிறுக்கிறார்களோ, அது பழுது பார்த்தவருக்குச் சொந்தம். லட்டுக் கடையில் லட்டு, கறிக்கடையில் கறி, காய்கறிக் கடையில் கத்தரிக்காய். தின்னக்கூடிய பண்டமாக இருந்தால் கடைக்காரர் கண்ணெதிரிலேயே தின்ன வேண்டும். தராசில் தில்லுமுல்லு செய்தவருக்கு அதில் நிறுத்ததை வாயில் வைக்க மனசு வராது என்று எந்தக் காலத்திலோ யாரோ நம்பியிருக்கிறார்கள். வாங்க மறுத்தால் தராசில் கோளாறு என்று அர்த்தம். இதற்கு முதல் நிறுவை என்று பெயர். நகைக் கடைகளில் மட்டும் இந்த வழக்கம் கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் அஞ்சலாட்சி. முத்தியால்பேட்டையில் நானும் என் தம்பி செம்மலும் எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறோம். கடையில் உட்கார்ந்து பிரித்து மாட்டுகிற வேலை அவனுடையது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் இருபது கிலோ எடைக்கல்லை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைகிற வேலை என்னுடையது. பதினாறு வருஷம் முதல் நிறுவை தின்றதில் நான் எண்பத்தொரு கிலோவில் வந்து நின்றேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் நெடுமாறனுக்கும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு என் கோபம் தெரியும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தது செம்மலின் சிறுநீரகம். முப்பத்தாறு வயதில் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும்போதெல்லாம் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பான். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்துமா என்று பார்த்தார்கள். ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. என் எடை மட்டும் பொருந்தவில்லை.

“உங்க உயரத்துக்கு எழுபத்து மூணுக்குக் கீழ வரணும்க்கா,” என்றாள் சங்கவி. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண். என் மகள் கவிநிலாவைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். “அதுக்கு மேல இருந்தா ஆப்பரேஷன் உங்களுக்கே ஆபத்து. மூணு மாசம் டைம். எட்டு கிலோ.”

“ஒரு கிட்னி எவ்ளோ எடை இருக்கும்மா?” என்று கேட்டேன். தொழில் புத்தி.

“நூத்தம்பது கிராம் இருக்கும்.”

நூற்றைம்பது கிராம் கொடுப்பதற்கு எட்டு கிலோ முன்பணம் கேட்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். தம்பி ஆயிற்றே.

செம்மல் ஒத்துக்கொள்ளவில்லை. “வாணாங்க்கா, உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது,” என்று ஒரு வாரம் பாடினான். நான் போட்ட சத்தத்தில் எட்டாம் நாள் அடங்கிவிட்டான். ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். அவன் வியாதி கடைக்காரர்கள் யாருக்கும் தெரியக்கூடாது. “பாவம் பாப்பானுங்கக்கா. அத என்னால தாங்க முடியாது.” சரி என்றேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன். ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறேன் என்பதை இனி ஒருவரிடமும் சொல்ல முடியாது.

முதல் போர் பஞ்சநாதன் கடையில் நடந்தது. பெரிய மார்க்கெட் பக்கத்தில் இனிப்புக் கடை வைத்திருப்பவர். அவருடைய தராசைச் சரிசெய்து, எடைக்கல் வைத்துக் காட்டி, எழுந்தேன். அவர் நெய் மணக்கும் லட்டு இரண்டைத் தட்டில் வைத்தார்.

“அண்ணே, இன்னிக்கு ஒரு பத்து கிராம் போதும். சும்மா பேருக்கு.”

“ஏம்மா, நீயே இப்படிப் பேசினா எப்பிடி?” அவர் தராசின் முன்னால் ஒட்டியிருந்த தகட்டைத் தட்டினார். “இன்னா எழுதியிருக்குது? குறைஞ்சபட்சம் நூறு கிராம். அதுக்குக் கீழ இதுல நிறுக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான்.”

உண்மைதான். சொல்லிக் கொடுத்தது நான்தான். போன வருஷம் இதே இடத்தில், வாயில் இதே லட்டை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன்.

“பல்லு வலிண்ணே.”

“லட்டுக்குப் பல்லு எதுக்கு?”

நான் லட்டைக் காகிதத்தில் மடித்துக் கருவிப்பெட்டியில் போட்டேன். பஞ்சநாதனின் முகம் மாறியது. தராசை ஒரு பக்கம் சாய்த்து அடியில் பார்த்தார். பிறகு அவரே ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட்டை வைத்துப் பார்த்தார். அதற்கும் மேலே போய், நான் வெளியே செருப்பு மாட்டுவதற்குள் செம்மலுக்கு போன் போட்டுவிட்டார். “தம்பி, உங்க அக்கா சாப்புடாம போவுது. தராசுல ஏதாச்சும்…?”

திரும்பி உள்ளே போய், பெட்டியைத் திறந்து, திருப்புளிக்கும் கம்பிச் சுருளுக்கும் நடுவிலிருந்து லட்டை எடுத்து அவர் எதிரிலேயே தின்றேன். கோபத்தில் தின்றாலும் லட்டு லட்டாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அடுத்தது முசேயின் பேக்கரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஊரே அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். அவர் வற்புறுத்த மாட்டார். மரியாதையாக நிறுத்து, மரியாதையாகப் பீங்கான் தட்டில் வைத்து, துணித் துண்டு ஒன்றை மடித்துப் பக்கத்தில் வைத்து, “வுவாலா, மதாம்,” என்பார். வற்புறுத்துகிறவரிடம் சண்டை போடலாம். துணி மடித்து வைக்கிறவரிடம் என்ன செய்வது? வெண்ணெய் ஒழுகும் பிறை வடிவ ரொட்டி, குருவாசான், இரண்டு. சத்தம் போடாமல் சாப்பிட்டு, “மெர்சி முசே,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் கன்னியம்மாள் இருக்கிறாளே, அவளிடம் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். பச்சை மீனைத் தின்னச் சொல்ல முடியாதே, வாங்கிக்கொண்டு போய்ப் பூனைக்குப் போட்டுவிடலாம் என்பது என் திட்டம். கன்னியம்மாள் வழக்கத்தை இம்மி பிசகாமல் காப்பவள். நூறு கிராம் இறாலை நிறுத்து, அவளே உரித்து, மிளகாய்த்தூள் தடவி, பக்கத்து இட்லிக்காரம்மாவின் அடுப்பில் வறுத்து எடுத்து வந்துவிட்டாள்.

“துன்னுடி. உன் மூஞ்சி இன்னா, இப்படி வாடிக் கெடக்குது?”

“எளைக்கலாம்னு பாக்கறேங்க்கா.”

“எதுக்கு? ஓடம் தள்ளப் போறியா?”

காரணம் சொல்ல முடியவில்லை. இறாலைத் தின்றேன்.

ஆனால் நான் லேசுப்பட்டவள் இல்லை. நாலு நாள் யோசித்து வேலை நேரத்தையே மாற்றி அமைத்தேன். இனிப்புக் கடை, பேக்கரி எல்லாம் பகல் சாப்பாட்டு நேரத்தில். முதல் நிறுவைதான் அன்றைய சாப்பாடு, வேறு கிடையாது. பசி தாங்காத சாயங்கால நேரத்துக்குக் காய்கறிக் கடைகளும் பழைய இரும்புக் கடைகளும். காய்கறிக் கடையில், “வெள்ளரிக்கா வையுங்க,” என்று நானே கேட்டு வாங்கி, கடித்துக்கொண்டே வண்டி எடுப்பேன். இரும்புக் கடையில் எதைத் தின்பது என்று நிம்மதியாகப் போனால், “ஆணியையா துன்ன முடியும்?” என்று பையனை அனுப்பி எனக்கு போண்டா வாங்கி வரச் சொன்னார்கள். மனிதர்களின் நல்ல மனசைப் போல ஆபத்தானது வேறு எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் எடை பார்ப்பது. கடை மூலையில் எங்களுடைய பழைய பிளாட்பாரத் தராசு ஒன்று கிடக்கிறது, நூற்றைம்பது கிலோ வரை நிறுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அதிலும் ஏறிப் பார்த்தேன். அங்கே காட்டிய அதே எண்பத்தொன்று. அதனால் அதையே நம்பினேன். நான் ஏறி நிற்பேன், செம்மல் படித்துச் சொல்லி, சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதுவான்.

“எழுபத்தொம்போது புள்ளி எட்டு.”

“நெஜமாவாடா?”

“நீயே குனிஞ்சி பாரு.”

குனிந்து பார்த்தால் அதுதான். வாரா வாரம் அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று போயிற்று. லட்டு தின்ற வாரமும் போயிற்று, இறால் தின்ற வாரமும் போயிற்று. என் உடம்புக்கே நான் படுகிற பாடு புரிந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். ஜாக்கெட் மட்டும் அந்த அளவுக்குத் தளரவில்லை. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

“நல்லாத்தான் எறங்குது. ஒரு நாளைக்கு ஒண்ணு கூடச் சாப்ட்டா இன்னாக்கா?” என்பான் செம்மல், தண்ணீர் பாட்டிலின் கோட்டைப் பார்த்தபடி. அந்தப் பேச்சில் மயங்கி இரண்டு தடவை முசே கடைக்கு வேலை இல்லாமலே போனேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாவது திங்கட்கிழமை எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது. நான் கத்திய கத்தலில் எதிர்க்கடை டீ மாஸ்டர் ஓடி வந்தார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூ வைத்துக்கொண்டு போனேன்.

சங்கவியின் தராசில் ஏறினேன். எழுபத்தாறு.

இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். எழுபத்தாறு. பூவை எடுத்துவிட்டு ஏறினேன். பூவுக்கு என்ன எடை இருந்துவிடும், எழுபத்தாறு.

“அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கீங்கக்கா, நல்லா…”

“உன் தராசு தப்பும்மா.”

“போன மாசம்தான் சரிபார்த்தாங்க.”

“எவன் பாத்தான்? நான் பதினாறு வருஷமா இதே வேலதான் செய்யறேன்.”

கீழே போய் ஸ்கூட்டரிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லை எடுத்தேன். வாசலில் காவலர், “அம்மா, இத உள்ள எடுத்துக்கினு போவக் கூடாது,” என்றார். நான் பார்த்த பார்வையில் கதவைத் திறந்துவிட்டார். லிஃப்ட் வரவில்லை. இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள், இதுவும் ஏதோ சோதனை போலிருக்கிறது என்று பயந்து பார்த்தார்கள். கல்லைத் தராசின் மேல் வைத்தேன்.

இருபது புள்ளி பூஜ்யம். ஒரு கிராம் பிசகில்லை.

தராசிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. சங்கவியிடம் கேட்டேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, “இன்னும் ஆறு வாரம் டைம் வாங்கித் தரேன்க்கா,” என்றாள். செம்மலுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் என் கவலை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் முசேயின் குருவாசான்களை ஒவ்வொன்றாக நினைத்து என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கடைக்குள் வந்தபோது செம்மல் இல்லை, டயாலிசிஸ் நாள். ஸ்கூட்டரிலிருந்து இறக்கிய எடைக்கல் கையில் இருந்தது. ஊர்த் தராசையெல்லாம் சோதித்த நான், என் கடைத் தராசின் மேல் ஒரு தடவையாவது கல்லை வைத்துப் பார்த்ததில்லை. வைத்தேன்.

பத்தொன்பது புள்ளி இரண்டு.

தராசைப் புரட்டினேன். அடியில் மூடியைக் கட்டியிருந்த கம்பி புதுசு. வலமிருந்து இடமாக முறுக்கியிருந்தது. இந்த ஊரில் தராசுக் கம்பியை அப்படி முறுக்குகிறவன் ஒருத்தன்தான். பீச்சாங்கைக்காரன். என் தம்பி.

அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் களைத்துப்போய், கையில் பஞ்சு ஒட்டியபடி உள்ளே வந்தான். தராசு குப்புறக் கிடப்பதைப் பார்த்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“எத்தினி வாரமாடா?”

“மொத வாரத்துலேர்ந்து. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொஞ்சங்கொஞ்சமா எறக்கிவிட்டேன்.”

“எதுக்கு?”

“எறங்குதுன்னு நெனச்சா நீ சாப்புடுவ. சாப்ட்டா ஏறும். ஏறிச்சின்னா டாக்டரு வாணாம்னுடுவாரு. நான் சொன்னா நீ கேக்க மாட்ட. டாக்டரு சொன்னா கேட்டுத்தான ஆவணும்?”

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவன் கையில் ஊசி குத்திய இடத்தைப் பார்த்துக் கையை இறக்கினேன். அதற்குப் பதில் வாயால் வெளுத்தேன். மூன்று மாசம் நான் பட்டினி கிடந்ததை, கொழுப்பெடுத்த போண்டாவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை, கல்லைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறியதை எல்லாம் சொல்லிச் சொல்லி வெளுத்தேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகப் பேசினான்.

“பயமா இருக்குதுக்கா. எனக்காக நீ போயி மேசையில படுத்து, உனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா, கவிநிலா மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?”

“எனக்குப் பயமில்லன்னு உனக்கு யார்ரா சொன்னது?” புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். “எனக்கும் பயந்தான். ஆனா நீ அந்தப் பாட்டில்ல கோடு பாக்கறது இருக்குதே, அதுக்கு இது எவ்வளவோ தேவலாம். நீ இல்லாத கடைய நான் இன்னாடா பண்ணுவேன்? நீ எனக்கு வேணுண்டா.”

எதிர்க்கடையில் டீ ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நான் திருப்புளியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். “சரி பண்ணு. எங்கண்ணு முன்னால.”

அவன் எழுந்து மூடியைக் கழற்றினான். கல் வைத்தான், பொத்தானை அழுத்தினான், மறுபடி வைத்தான். அந்தக் கையில் எத்தனை ஊசி ஏறியிருந்தாலும் வேலை சுத்தம். இருபது புள்ளி பூஜ்யம் வந்ததும் கம்பியை வலமிருந்து இடமாக முறுக்கிக் கட்டினான்.

“சரியா இருக்குதா?”

“சரியா இருக்குதுக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

நான் கல்லை இறக்கி வைத்துவிட்டுத் தராசின் மேல் ஏறி நின்றேன். எழுபத்தாறு.

“ரிப்பேர் பண்ண தராசுல மொதல்ல நிறுக்கறது யாருக்குடா?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. அவனும் பதினாறு வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவன்தானே.

“சொல்றா. யாருக்கு?”

“ரிப்பேர் பண்ணவனுக்கு.”

“வாங்க மாட்டேன்னா?”

“தராசு கோளாறுன்னு அர்த்தம்.”

“அப்ப வாங்கிக்க.”

அவன் கிண்டலை இழுத்தான். “எழுபத்தாறு கிலோவையும் நான் எங்க கொண்டுபோயி வெக்கிறது?”

“உனக்கு வேண்டியது நூத்தம்பது கிராம்தான். பஞ்சநாதன் கடைத் தராசுல கூட நிறுக்கலாம், குறைஞ்சபட்சத்துக்கு மேலதான் வருது. வாங்கறியா, இல்ல தராசு கோளாறா?”

அவன் பீச்சாங்கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தான்.

“பஞ்சநாதண்ணே, செம்மல் பேசறேன். எனக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சின்ணே. எங்கக்கா ஒண்ணு குடுக்குது. அதுக்கு இன்னும் மூணு கிலோ எறங்கணும். தயவுபண்ணி அக்காவுக்கு லட்டு குடுக்காதீங்க.”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பாவம் பார்க்கிறார் என்று செம்மலுக்கும் தெரிந்தது. அவன் போனை வைத்துவிடவில்லை, பொறுத்துக்கொண்டு நின்றான்.

“செரிப்பா,” என்றார் பஞ்சநாதன் கடைசியில். “அப்ப மொத நிறுவைய இன்னா பண்றது? நிறுத்து யாருக்குக் குடுக்கறது?”

செம்மல் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எம்பேர்ல வையுங்கண்ணே. ஆப்பரேஷன் முடிச்சி நானே வந்து துன்றேன்.”

நான் இன்னும் தராசின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன். அழுத அழுகைக்கு ஒரு நூறு கிராமாவது குறைந்திருக்க வேண்டும். எழுபத்தாறு அப்படியே நின்றது.